இமை டாக்டரின் ஜாதகம்

போர்டில் வரிசையாக நிற்கும் பட்டங்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? கண்ணிமையில் கத்தி வைக்கும் மருத்துவர் எங்கே, எப்படி உருவாகிறார்? ஒரு சிறப்புப் பார்வை.

பெரிய கண் மருத்துவமனை எதிலாவது ‘ஆர்பிட் - ஆக்குலோபிளாஸ்டி’ என்று பெயர்ப்பலகை தொங்கும் அறைக்கு வெளியே கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும், அங்கே யார் யாரெல்லாம் வருகிறார்கள் என்பது தெரிந்துவிடும். பேப்பர் படிக்கவே புருவத்தை நெற்றிக்கு ஏற்றிக்கொள்ளும் பாட்டி. பிறந்ததிலிருந்தே ஒரு இமை பாதி மூடியிருக்கும் குழந்தை; மோவாயைத் தூக்கி, இடுக்கு வழியாக அம்மாவைப் பார்க்கிறது. தைராய்டு கோளாறால் விழி பிதுங்கிய பெண். பைக்கிலிருந்து விழுந்து கண்குழி எலும்பு உடைந்த இளைஞர். அழாமலே கண்ணீர் வழிகிற ஒருவர். இமையோரக் கட்டி ஆறு மாதமாகப் போகவில்லை என்று வந்திருக்கும் பெரியவர். இவர்களோடு, கண்ணுக்குக் கீழே பை விழுந்துவிட்டது, மகள் கல்யாணத்துக்கு முன்னால் சரிசெய்ய முடியுமா என்று கேட்க வந்தவரும் உண்டு.

இத்தனை பேருக்கும் டாக்டர் ஒருவர்தான். விளம்பரங்களை மட்டும் பார்த்தால் கடைசியாகச் சொன்னவருக்காகவே இந்தத் துறை பிறந்ததுபோலத் தோன்றும். டாக்டரின் ஜாதகத்தைப் புரட்டினால் கதை தலைகீழ். கண்ணைக் காப்பாற்றுவது அவருடைய முதல் பாடம். முகத்தை அழகாக்குவது கடைசிப் பாடம். இமை அறுவைக்கு ஆள் தேடுகிறவர்கள் இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டு தேடினால், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஒரு சென்டிமீட்டர் களம்

உடம்பிலேயே மிக மெல்லிய தோல் இமைத் தோல். ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதற்கு அடியில் கண்ணைச் சுற்றி வளையமாக ஓடும் தசை இமையை மூடுகிறது. அதற்கு ஆணை தருவது ஏழாவது மண்டை நரம்பு. இன்னும் உள்ளே, இமையைத் தூக்கும் தசை. அது மூன்றாவது நரம்பின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அதை ஒட்டி, நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாத இன்னொரு குட்டித் தசை. இமைக்கு விறைப்பைத் தரும் தகடு மேல் இமையில் சுமார் 10 மில்லிமீட்டர் உயரம், கீழ் இமையில் சுமார் 4. அந்தத் தகட்டுக்குள் எண்ணெய்ச் சுரப்பிகள் வரிசை கட்டி நிற்கின்றன. கடைசியாக, விழியைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஈரச் சவ்வு.

நிமிடத்துக்குப் பதினைந்து தடவை என்ற கணக்கில் இந்த அமைப்பு கார் வைப்பர்போல விழியைத் துடைத்துக்கொண்டே இருக்கிறது. கருவிழி தெளிவாக இருப்பது இந்தத் துடைப்பால்தான். இமைத் தோலைக் கொஞ்சம் தாராளமாக வெட்டிவிட்டால் தூக்கத்தில் கண் முழுசாக மூடாது. மூடாத கண் காயும். காய்ந்த கருவிழியில் புண் வரும். புண் ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நின்றுவிடும். அழகுக்காகப் போனவர் பார்வையைத் தொலைத்துவிட்டுத் திரும்பக்கூடிய பாதை இது. வயிற்றில் தையல் ஒரு மில்லிமீட்டர் விலகினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இமையில் அதே ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தை எதிரே உட்கார்ந்து பேசுகிறவர் கவனித்துவிடுவார்.

பத்து வருஷப் படிப்பு

இந்தியாவில் இந்த ஒரு சென்டிமீட்டரை அடைவதற்கு இரண்டு முக்கியப் பாதைகள் இருக்கின்றன. முதல் பாதை கண் வழி. ஹவுஸ் சர்ஜன் காலத்தையும் சேர்த்து எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம். பிறகு நீட் பி.ஜி. எழுதி, கண் மருத்துவத்தில் எம்.எஸ். அல்லது டி.என்.பி. மூன்று வருடம். கண்புரை, கண் நீர் அழுத்தம், விழித்திரை, மாறுகண் என்று கண்ணின் எல்லா அறைகளுக்குள்ளும் நுழைந்து வந்த பிறகுதான் இமைக்கான தனிப்பயிற்சி தொடங்கும். அதன் பெயர் ஃபெலோஷிப். பெரும்பாலும் ஒன்றரை அல்லது இரண்டு வருடம்.

இதயத்துக்கு டி.எம்., பிளாஸ்டிக் சர்ஜரிக்கு எம்.சிஎச். என்பதுபோல இமை மருத்துவத்துக்கு எல்லோருக்கும் பொதுவான ஓர் உயர்பட்டம் இங்கே வழக்கத்தில் இல்லை. அதனால் ஃபெலோஷிப்பை எங்கே முடித்தார் என்பதே இந்தத் துறையில் பாதி ஜாதகம். 1976-ல் டாக்டர் ஜி.வெங்கடசாமி மதுரையில் தொடங்கிய அரவிந்த், 1978-ல் டாக்டர் எஸ்.எஸ்.பத்ரிநாத் சென்னையில் தொடங்கிய சங்கர நேத்ராலயா, ஹைதராபாத்தின் எல்.வி.பிரசாத் கண் மருத்துவ நிலையம் போன்ற இடங்களில் வருகிற கேஸ்களின் எண்ணிக்கைக்கும் வகைக்கும் பஞ்சமில்லை. இமை, கண்ணீர்ப் பாதை, விழியைத் தாங்கும் எலும்புக் குழி, விழியை எடுத்துவிட்ட இடத்தில் செயற்கைக் கண், கண் புற்றுநோய் என எல்லாவற்றையும் அங்கே தொட்டாக வேண்டும். முகச் சுருக்கமும் கண் பையும் இந்தப் பட்டியலின் கடைசியில் வருபவை.

இரண்டாவது பாதை பிளாஸ்டிக் சர்ஜரி வழி. பொது அறுவையில் எம்.எஸ். மூன்று வருடம், அதற்கு மேல் எம்.சிஎச். மூன்று வருடம். தீக்காயம், கை, மார்பு, தாடை, முகம் என்று உடம்பு முழுதும் தோலையும் தசையையும் இடம் மாற்றிப் பழகிய கை இவர்களுடையது. கண் வழி வந்தவருக்கு விழியின் உள் விவகாரம் அத்துப்படி. பிளாஸ்டிக் வழி வந்தவருக்கு முகத்தின் பெரிய பரப்பு அத்துப்படி. இதில் யார் உசத்தி என்ற பட்டிமன்றத்துக்கு முடிவே கிடையாது. பெரிய விபத்து, பெரிய புற்றுநோய் என்றால் இருவரும் ஒரே மேஜையைச் சுற்றி நிற்பதும் உண்டு.

அமெரிக்காவில் கல்லூரிப் பட்டத்துக்குப் பிறகு மருத்துவப் படிப்பு நான்கு வருடம், இன்டர்ன்ஷிப் ஒரு வருடம், கண் மருத்துவம் மூன்று வருடம், அதற்கும் மேலே இமை ஃபெலோஷிப் இரண்டு வருடம். 1969-ல் உருவான அங்குள்ள இமை அறுவை மருத்துவர்கள் சங்கம், இந்தப் பயிற்சியோடு எழுத்துத் தேர்வும் வாய்மொழித் தேர்வும் வைத்துத்தான் உறுப்பினராகச் சேர்க்கிறது. ஏணி அங்கேயும் அதேதான்: முதலில் கண், பிறகு இமை, அதற்குப் பிறகு முகம்.

மேஜையில் எழுந்து உட்காரும் நோயாளி

அந்தப் பத்து வருடம் எதில் போகிறது? இமை சரிந்திருக்கிறது என்று ஒருவர் வந்தால் நல்ல டாக்டர் முதலில் கத்தியைத் தேடுவதில்லை. சரிவு காலையில் இல்லாமல் சாயங்காலம் கூடுகிறதா என்று கேட்பார். ஆம் என்றால், மூடிய இமைமேல் இரண்டு நிமிடம் ஐஸ் வைத்துப் பார்ப்பார். குளிர்ச்சியில் இமை மேலே ஏறினால் சந்தேகம் ‘மயஸ்தீனியா கிராவிஸ்’ என்ற நரம்பு-தசை நோய்மீது திரும்பும். அதற்கு முதல் மருந்து மாத்திரை, அறுவை கிடையாது. இமை சரிந்து, அந்தக் கண்ணின் பாப்பாவும் சின்னதாக இருந்தால் கழுத்து ரத்தக்குழாயையும் நுரையீரலின் மேல்முனையையும் ஸ்கேன் செய்யச் சொல்வார். பாப்பா விரிந்து, கடும் தலைவலியும் சேர்ந்திருந்தால், மூளை ரத்தக்குழாயில் வீக்கம் இருக்கிறதோ என்று அன்றைக்கே அவசரப் பிரிவுக்கு அனுப்புவார். இமைத் தோலை மட்டும் பார்க்கத் தெரிந்தவர் கோட்டைவிடும் இடம் இதுதான்.

அடுத்து ஒரு சாதாரண பிளாஸ்டிக் ஸ்கேல். புருவத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ‘கீழே பாருங்க... இப்ப மேலே பாருங்க’ என்பார். இமை ஓரம் எத்தனை மில்லிமீட்டர் ஏறுகிறது என்பதில்தான் எந்த அறுவை என்பதே இருக்கிறது. நல்ல தசை சுமார் 15 மில்லிமீட்டர் தூக்கும். நாலு அல்லது அதற்கும் கீழே என்றால், தூக்கும் தசையை நம்பிப் பயனில்லை. இமையை நெற்றித் தசையோடு கட்டிவிட வேண்டும். அந்தக் கயிறு சிலிக்கானாக இருக்கலாம், நோயாளியின் தொடையிலிருந்தே எடுத்த திசுப்பட்டையாகவும் இருக்கலாம். பிறவியிலேயே இமை சரிந்து பாப்பாவை மறைக்கும் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் இந்த வழிதான். தள்ளிப்போட்டால் அந்தக் கண் பார்க்கக் கற்றுக்கொள்ளாமலேயே ‘சோம்பேறிக் கண்’ ஆகிவிடும்.

பெரியவர்களுக்கு இமைக்கு மட்டும் மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு அறுவை செய்வார்கள். தளர்ந்த தசைநாரை இழுத்துத் தகட்டில் ஒரு தற்காலிகத் தையல் போட்டதும், நோயாளியை மேஜையிலேயே எழுப்பி உட்காரவைத்துக் கண்ணைத் திறக்கச் சொல்வதுண்டு. படுத்திருக்கும்போது சரியாகத் தெரிந்த இமை, உட்கார்ந்தால் வேறு மாதிரி நிற்கும். டாக்டர் கால்மாட்டில் நின்று இரண்டு கண்ணையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். மரப்பு ஊசியில் கலந்திருக்கும் அட்ரினலின் அந்தக் குட்டித் தசையைத் தூண்டி இமையைக் கொஞ்சம் கூடுதலாகத் தூக்கிக் காட்டும். அதைக் கழித்துக் கணக்குப் போட வேண்டும். இன்னொரு வேடிக்கை: சரிந்த இமையைத் தூக்கியதும், அதுவரை நன்றாக இருந்த மறு இமை இறங்கிவிடலாம். இரண்டு இமைக்கும் மூளை ஒரே அளவு ஆணையைத்தான் அனுப்புகிறது. ஒன்றைத் தூக்கக் கூடுதல் ஆணை தேவையில்லை என்றானதும் மற்றதற்கும் குறைந்துவிடுகிறது. விவரம் தெரிந்தவர் இதை அறுவைக்கு முன்பே விரலால் ஓர் இமையைத் தூக்கிப் பார்த்துக் கண்டுபிடித்து, நோயாளியிடமும் சொல்லிவிடுவார்.

போர் தந்த பாடம்

இத்தனை நுணுக்கமும் அழகு நிலையத்திலிருந்து வந்ததில்லை. முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளிலும் போர்க்கப்பல்களிலும் முகம் சிதைந்தவர்களிடமிருந்து வந்தது. 1916-ல் ஜட்லாண்ட் கடற்போரில் ‘வார்ஸ்பைட்’ கப்பலில் இருந்த வால்டர் யோ என்ற பிரிட்டிஷ் மாலுமி, மேல் இமை, கீழ் இமை இரண்டையும் இழந்தார். அவருக்கு 1917-ல் அறுவை செய்தவர் ஹெரால்டு கில்லீஸ். நியூசிலாந்தில் பிறந்து, லண்டனில் காது-மூக்கு-தொண்டை டாக்டராக இருந்தவர் அவர். பிளாஸ்டிக் சர்ஜரி என்று தனிப் படிப்பே இல்லாத காலம். மார்புப் பகுதித் தோலை ரத்த ஓட்டம் அறாமல் எடுத்து, கண்களைச் சுற்றி முகமூடிபோலப் பொருத்தினார் கில்லீஸ். தோல் பட்டையைக் குழாய்போலச் சுருட்டித் தைத்தால் அது அழுகாமல் உயிரோடு இருக்கும் என்பதையும் அவர் அந்தக் காலத்தில்தான் கண்டார்.

அடுத்த போரில் அவருடைய உறவினர் ஆர்ச்சிபால்டு மெக்கிண்டோ, இங்கிலாந்தின் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் மருத்துவமனையில் தீயில் வெந்த விமானிகளைக் கவனித்தார். இமை வெந்தால் தழும்பு சுருங்கி, கண் திறந்தபடியே நின்றுவிடும். அதனால் மூக்கும் உதடும் காத்திருக்கலாம், இமை காத்திருக்க முடியாது என்பது பாடமாயிற்று. 1940-ல் சுட்டு வீழ்த்தப்பட்ட விமானியும் எழுத்தாளருமான ரிச்சர்டு ஹிலரிக்கு மெக்கிண்டோ புது இமைகளைச் செய்து கொடுத்தார்.

ஸ்காட்லாந்தின் ஜான் மஸ்டார்டே முதலில் கண் மருத்துவர், பிறகு பிளாஸ்டிக் சர்ஜன். இரண்டு வழியும் ஒரே ஆளிடம் சேர்ந்ததன் பலன், கன்னத் தோலைச் சுழற்றிக் கீழ் இமையாக்கும் அவருடைய முறை. அவர் பெயரிலேயே அது இன்றும் செய்யப்படுகிறது. நியூயார்க்கில் பைரன் ஸ்மித்தும் வில்லியம் ரீகனும் இறந்தவரின் கண்மேல் ஒரு பந்தை வைத்துச் சுத்தியலால் தட்டி, விழி உடையாமல் கண்குழியின் தரை எலும்பு மட்டும் உடைவதைக் காட்டினார்கள். அது வெளியானது 1957-ல். இன்று கிரிக்கெட் பந்து பட்டு ‘ரெண்டு ரெண்டாத் தெரியுது’ என்று வரும் பையனுக்கு டாக்டர் ஏன் சி.டி. ஸ்கேன் எழுதுகிறார் என்பதற்கு விடை அந்தச் சோதனையில் இருக்கிறது.

வேலூரில், மென்றால் மூடிய கண்

இந்த வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 1914-ல் மிஷனரி பெற்றோருக்குப் பிறந்து, கொல்லிமலையில் குழந்தைப் பருவத்தைக் கழித்த பால் பிராண்ட், 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயால் மடங்கிய விரல்களை நிமிர்த்தியதற்காக உலகம் அவரை அறியும். அதே நோய் முக நரம்பையும் தாக்கும், இமை மூடாது. கருவிழியின் உணர்வும் போயிருக்கும் என்பதால் தூசி விழுந்தாலும் தெரியாது. வலியில்லாமலே கண் அவிந்துபோகும்.

அதற்குக் கைகொடுத்தது கில்லீஸ் 1930-களில் விவரித்த ஒரு யோசனை. நெற்றிப்பொட்டில் இருக்கும் மெல்லும் தசையிலிருந்து ஒரு பட்டையை எடுத்து, இமைகளுக்குள் கொண்டுபோய் கண்ணின் உள்மூலையில் தைப்பது. மெல்லும் தசைக்கு நரம்பு வேறு. தொழுநோய் அதைப் பெரும்பாலும் விட்டுவைக்கிறது. விளைவு, பல்லைக் கடித்தால் கண் மூடும். வேலூரிலும் அருகே கரிகிரியிலும் இந்த அறுவை செய்துகொண்டவர்கள் இமைப்பதைப் புதிதாகக் கற்றார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அவ்வப்போது தாடையை இறுக்கி, கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டும். பிராண்டின் மனைவி மார்கரெட், தொழுநோயாளிகளின் கண்களைக் காப்பதையே தன் வேலையாக எடுத்துக்கொண்ட கண் மருத்துவர்.

கட்டியும் கருப்புப் பூஞ்சையும்

பெரிய ஆபத்துகள் சின்ன வேஷத்தில் வருவது இமையின் குணம். கண்கட்டி எல்லோருக்கும் வருவது. வெந்நீர் ஒத்தடத்திலேயே பெரும்பாலும் அடங்கும். ஆனால் வயதானவருக்கு அதே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தாலோ, அந்த இடத்தில் இமைமுடி உதிர்ந்தாலோ, கீறி எடுத்ததைக் குப்பையில் போடக் கூடாது, பயாப்ஸிக்கு அனுப்ப வேண்டும். மேற்கத்திய நாடுகளில் இமையில் அரிதாக வரும் எண்ணெய்ச் சுரப்பிப் புற்றுநோய், இந்தியாவில் இமைப் புற்றுநோய்களில் கணிசமான பங்கைப் பிடித்திருக்கிறது. அது கண்கட்டிபோலவே நடிக்கும்.

2021-ல் கொரோனா இரண்டாம் அலை வந்தபோது இந்த டாக்டர்களின் இன்னொரு முகத்தை நாடு பார்த்தது. கருப்புப் பூஞ்சை மூக்கிலிருந்து கண்குழிக்கும், அங்கிருந்து மூளைக்கும் ஏறியது. ஆம்ஃபோடெரிசின்-பி மருந்துக்கு ஊர் ஊராக அலைந்தார்கள். பல இடங்களில் உயிரைக் காப்பாற்ற விழியோடு கண்குழியையே காலி செய்ய வேண்டியிருந்தது. அந்த முடிவை எடுத்த கைகள் இமை டாக்டர்களுடையவை. இந்திய ஆக்குலோபிளாஸ்டிக் சங்கம் முன்நின்று 2,826 நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி அதே ஆண்டில் வெளியிட்டது. அவர்களில் 78 சதவிகிதம் பேர் சர்க்கரை நோயாளிகள். 87 சதவிகிதம் பேர் ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டவர்கள்.

அழகு வந்து சேர்ந்த வழி

அப்படியென்றால் அழகு எப்போது வந்தது? முகச் சுருக்கத்துக்கு ஊரெல்லாம் போடும் போடாக்ஸ்கூடக் கண் மருத்துவத்திலிருந்து வெளியே போனதுதான். சான் ஃபிரான்சிஸ்கோ கண் மருத்துவர் ஆலன் ஸ்காட் அதை மாறுகண்ணுக்காக உருவாக்கினார். மாறுகண், இமை தானாக இறுக்கி மூடிக்கொள்ளும் நோய் ஆகியவற்றுக்கு 1989-ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. அதற்கு முன்பே, 1987-ல், கனடாவின் வான்கூவரில் கண் மருத்துவர் ஜீன் கருத்தர்ஸ் அந்த இமை நோய்க்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். ஒரு நோயாளி புருவங்களுக்கு நடுவிலும் போடச் சொல்லிக் கேட்டார். அங்கே போட்டால் முகத்தில் கவலைக்குறி போய்விடுகிறதாம். ஜீனின் கணவர் அலஸ்டேர் தோல் மருத்துவர். இருவரும் சேர்ந்து 1992-ல் கட்டுரை எழுதினார்கள். 2002-ல் அழகுக்கான அனுமதியும் வந்தது.

சந்தை பெருகியதும் கூட்டமும் பெருகியது. கண் பை அறுவையை மதிய இடைவேளையில் முடித்துவிடலாம் என்ற தொனியில் விளம்பரங்கள் வருகின்றன. அந்தப் பைக்குள் இருப்பது கண்குழிக் கொழுப்பு. அதைப் பிடித்து இழுக்கும்போது ஆழத்தில் ஒரு சின்ன ரத்தக்குழாய் அறுந்தால், ரத்தம் வெளியே வராமல் எலும்புக் கூட்டுக்குள் தேங்கி, பார்வை நரம்பை நசுக்கும். அரிதான விபத்துதான். ஆனால் நேர்ந்துவிட்டால், கண்ணின் வெளிமூலைத் தசைநாரை உடனே வெட்டி அழுத்தத்தை இறக்க வேண்டும். ஒன்றரை, இரண்டு மணி நேரம் கடந்தால் பார்வை திரும்புவது கஷ்டம். மூக்குத்தண்டிலோ புருவ நடுவிலோ போடும் ஃபில்லர், ரத்தக்குழாய்க்குள் புகுந்தால் அதுவும் கண்ணைக் குருடாக்கும். இந்த நெருக்கடிகளை அடையாளம் காணத் தெரியாத இடத்தில் ஊசியும் கத்தியும் இருக்கக் கூடாது. தேசிய மருத்துவ ஆணையமும் 2022-ல் இதைத்தான் வலியுறுத்தியது: பட்டறையில் வேடிக்கை பார்ப்பதோ, யூடியூப் பார்ப்பதோ அழகு அறுவைக்கான பயிற்சி ஆகாது.

போர்டைப் படிப்பது எப்படி?

* எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பிறகு எம்.எஸ். எதில்? கண்ணா, பொது அறுவையா? பொது அறுவை என்றால் எம்.சிஎச். இருக்கிறதா? மாநில மருத்துவ கவுன்சிலின் பதிவில் பெயரையும் பட்டத்தையும் சரிபார்க்கலாம்.

* ஃபெலோஷிப் எங்கே, எத்தனை மாதம்? இரண்டு நாள் பயிலரங்கச் சான்றிதழும் சுவரில் அதே ஃப்ரேமில்தான் தொங்கும். எஃப்.ஐ.சி.ஓ. போன்ற எழுத்துகள் தேர்வு எழுதி வாங்கியவை. நல்ல தகுதிதான், ஆனால் அவற்றை வைத்து அறுவை அனுபவத்தை அளக்க முடியாது.

* கண் பரிசோதனை செய்தாரா? பார்வை, கண் வறட்சி, பாப்பா, கண் மூடும் விதம் எதையும் பார்க்காமல் நேராகப் ‘பேக்கேஜ்’ பேசினால் எழுந்து வந்துவிடலாம்.

* அறுவைக்குப் பிறகு இரவில் கடும் வலி, பார்வை மங்கல், விழி முன்தள்ளல் என்றால் யாரைக் கூப்பிடுவது? அந்த நம்பரை எடுப்பவர் டாக்டரா, வரவேற்பறையா?

* முதல் அறுவை சரியாக வராவிட்டால் திருத்துவது யார்? இமை அறுவையில் திருத்தம் தேவைப்படுவது சகஜம். அதை முன்கூட்டியே சொல்கிறவர் நேர்மையானவர்.

நம் ஊரில் நல்ல சர்ஜனைக் ‘கைராசிக்காரர்’ என்று சொல்லி ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். இமை விஷயத்தில் அந்தக் கைராசிக்குக் கணக்கு இருக்கிறது: எத்தனை வருடம் கண்ணைப் படித்தார், எத்தனை இமையைத் திறந்தார், எத்தனை பேரிடம் ‘உங்களுக்கு அறுவை வேண்டாம்’ என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். மூன்றாவது கணக்கு எந்த போர்டிலும் இருக்காது. முதல் சந்திப்பில் நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.